இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும்: குடும்பத்தோடு குட்டிச் சாகசங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம், "அம்மா, நிலா எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். அன்று பௌர்ணமி. இரவுச் சமையல் இன்னும் ஆகவில்லை, துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது. ஏனோ அன்றைக்கு "அப்புறம் சொல்றேன்" என்று சொல்ல மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த திறந்தவெளி வரை நடந்தோம். பத்து நிமிட நடை. கிழக்கே மரங்களுக்குப் பின்னால் முதலில் மங்கலாக ஒரு வெளிச்சம், பிறகு செம்மஞ்சளாக ஒரு விளிம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு நிலாவும் மேலே வந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அது நகருது" என்றாள். வீடு திரும்பியபோது கிளம்பி ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அதுவரை நாங்கள் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம். பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், லீவு சேரட்டும், வேலைப்பளு குறையட்டும் என்று. அந்த நிலாவுக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது: நேரம் அங்கங்கே இருக்கத்தான் செய்தது. வாசலைத் தாண்டுவதற்கு முந்தைய அந்தக் கால் மணி நேரம்தான் எங்களைத் தடுத்தது. எங்கே போவது, என்ன எடுத்துக்கொள்வது, யார் என்ன செய்வது என்று களைத்துப்போன நேரத்தில் முடிவெடுக்க ஆரம்பித்தால் யாரும் கிளம்ப மாட்டார்கள். அந்த முடிவுகளையெல்லாம் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் எடுத்து வைத்துவிடுவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு முழு வாரத்தை ஒரே தாளில் கோடு போட்டு எழுதுங்கள். வேலை, பள்ளி, வகுப்புகள், சமையல், தூக்கம் எல்லாம் வரட்டும். மனசுக்குள் போடும் கணக்கு சரியாக வராது. எழுதினால்தான் இடைவெளி கண்ணில் படும்.

பெரும்பாலான வீடுகளில் மூன்று வகை இடைவெளிகள் கிடைக்கும். விடிகாலையில் ஒரு மணி நேரம். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம். வார இறுதியில் ஒரு அரை நாள். நாலாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: இரவு. மாலை ஐந்துக்கு வேலை முடிந்து மறுநாள் ஒன்பதுக்குத் தொடங்குகிறது என்றால் நடுவில் 16 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு இரவை எப்போதாவது வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில் போட்ட ஒரு கூடாரத்திலாவது, கழிக்கலாம்.

வாரம் ஒன்று என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு அரை நாள், இரண்டு சின்ன சாயங்காலம். அது பழகட்டும்.

படி 2: வீட்டைச் சுற்றி மூன்று வட்டம்

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். பச்சையாகவும் நீலமாகவும் தெரிவதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காகக் குடியிருக்கும் பகுதியிலேயே, போகாத ஒரு குளமோ ஓடையோ மரக்கூட்டமோ நிச்சயம் இருக்கும்.

முதல் வட்டம், வாசலிலிருந்து இருபது நிமிடம் நடக்கும் தூரம். இரண்டாவது, அரை மணி நேரப் பயணம். மூன்றாவது, ஒரு மணி நேரப் பயணம். அதற்கு மேல் வேண்டாம். போய்வரும் நேரம், அங்கே இருக்கும் நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு வண்டிதான் நினைவில் நிற்கும்.

ஒவ்வொரு வட்டத்திலும் நாலைந்து இடம் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். தனியார் நிலமாக இருந்தால் முன்பே கேட்டு வையுங்கள்; காட்டுப்பகுதி என்றால் அனுமதி வேண்டுமா, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று பாருங்கள். வாயில் வரை போய்த் திரும்பிவந்தால் அடுத்த முறை கிளம்பும்போது பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

படி 3: "எங்கே" என்பதோடு "எதற்கு" என்பதையும் முடிவு செய்யுங்கள்

"சும்மா நடந்துட்டு வரலாம்" என்றால் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். ஒரு காரியம் வேண்டும். எனக்குத் தெரிந்து நேரம் இல்லாத குடும்பத்துக்கு வானத்தைப் போல ஒத்துழைப்பது எதுவும் இல்லை. போகவேண்டிய தூரம் குறைவு, நேரமும் முன்கூட்டியே தெரியும்.

நிலாவிலிருந்து தொடங்கலாம். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா உதிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அதனால் பௌர்ணமியைத் தவறவிட்டாலும் மறுநாள், அதற்கடுத்த நாள் என்று இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. கிழக்குப் பக்கம் மறைப்பு இல்லாத ஒரு இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

அதைவிடச் சின்னது ஒன்று உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரமும், விடிவதற்கு முன் கொஞ்ச நேரமும், நம் தலைக்கு மேல் போனால் வெறும் கண்ணுக்கே தெரியும். விமானத்தைப் போல மினுக்காது. சீராக ஒளிர்ந்தபடி நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் செயலியில் உங்கள் ஊரைக் கொடுத்தால் எப்போது, எந்தத் திசையில் தெரியும் என்று சொல்லிவிடும். அதற்குள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மகன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். பத்து நிமிடத்தில் எல்லாரும் வீட்டுக்குள் வந்துவிட்டோம்.

எரிகல் மழைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டி பெர்சீட்ஸ், டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட்ஸ் உச்சத்துக்கு வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் ஜெமினிட்ஸைத்தான் சொல்வேன். பெர்சீட்ஸ் நன்றாகத் தெரிய நள்ளிரவு தாண்ட வேண்டும். ஜெமினிட்ஸ் இரவு ஒன்பது, பத்து மணிக்கே தெரிய ஆரம்பித்துவிடும். பாயை விரித்து மல்லாந்து படுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது ஒரு முறை கைபேசியைத் திறந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்பு கண்ணாடித்தாளை ரப்பர் போட்டுக் கட்டிவிடுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் இரவுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. நிலா பெரிதாக இருக்கும் வருடங்களில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பகலில் பறவைகள். காலையில் வெளிச்சம் வந்த முதல் ஒரு மணி நேரம்தான் அவற்றின் சத்தம் அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் தரும் மெர்லின் செயலி, சத்தத்தைக் கேட்டே எந்தப் பறவை என்று சொல்ல முயலும். பிப்ரவரியில் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் என்று நான்கு நாள் நடக்கும். 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். தான் எண்ணியது ஒரு ஆராய்ச்சிக்குப் போகிறது என்று தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளையின் நடையே மாறிவிடும்.

மற்றவை சுருக்கமாக: ஒரு ஓடையை அது போகும் திசையிலேயே ஒரு கிலோமீட்டர் பின்தொடருங்கள். தெரிந்த பாதையிலேயே இருட்டிய பிறகு ஒரு முறை நடந்து பாருங்கள். மின்னல் இல்லாத மழையில் நனைந்துகொண்டே நடங்கள். புதையல் தேடல் பிடித்த பிள்ளைகளுக்கு ஜியோகேச்சிங் உண்டு, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைக் கைபேசியின் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிப்பது; 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை அமெரிக்க அரசு திறந்துவிட்ட அடுத்த நாளே பிறந்த விளையாட்டு அது.

படி 4: தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள், நேரத்தை இரட்டியுங்கள்

மலையேறுபவர்கள் 1892-இலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நெய்ஸ்மித் விதி என்று பெயர். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். இது நல்ல உடல்வாகுள்ள பெரியவர்களுக்கு. பிள்ளைகளோடு போகும்போது வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள். மூன்று வயதுக் குழந்தை என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு முறை எங்கள் மகன் பாதியிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். எறும்புகள் ஒரு தட்டான்பூச்சியின் சிறகை இழுத்துக்கொண்டு போயின. காற்று வரும்போதெல்லாம் சிறகு பாய்மரம் போல நிமிர்ந்துகொள்ளும், எறும்புகள் அப்படியே சறுக்கும், காற்று நின்றதும் மறுபடி இழுக்கும். நாற்பது நிமிடம். நாங்கள் பார்க்கக் கிளம்பிய குளத்தை அன்று பார்க்கவே இல்லை. அவசரப்படுத்தாமல் விட்டது அன்றைக்கு நாங்கள் செய்த நல்ல காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். போய்ச் சேரும் இடத்தை விட்டுவிடலாம், திரும்பும் நேரத்தை மட்டும் விடக் கூடாது. "ஆறு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். தள்ளிப் போகப் போக அந்தி நீளும்.

படி 5: வாசல் பை

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது. ஒரு பையைத் தயார் செய்து வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. உள்ளே இருக்க வேண்டியவை:

- ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்
- டார்ச் இரண்டு, மாற்று பேட்டரி
- காயத்துக்குக் கட்டுத்துணி, பிளாஸ்டர், கிருமிநாசினி, வீட்டில் யாருக்காவது வழக்கமாகத் தேவைப்படும் மருந்து
- ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில்
- மாற்று உடுப்பு ஒரு செட், காலுறையோடு
- பழைய போர்வை அல்லது பாய், குப்பைக்கு ஒரு பை
- கெட்டுப்போகாத கொறிக்கும் பண்டம், நீங்கள் தேவை என்று நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக

குளிரான இடம் என்றால் பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ நல்லது. வெயில் நாட்டில் பருத்தியே சுகம்.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு குட்டிப் பை கொடுங்கள். என் மகன் பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு முழம் கயிறு, எங்கிருந்தோ பொறுக்கிய மூன்று கூழாங்கற்கள் எப்போதும் இருக்கும். அந்தக் கற்களை நான் ஒருநாளும் வெளியே எடுத்துப் போட்டதில்லை.

படி 6: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழும் வீட்டில் இந்தப் பழக்கம் மூன்று வாரம்கூட நிற்காது. எங்கள் வீட்டில் பை என் கணவர் பொறுப்பு, வானிலை பார்ப்பதும் வழி பார்ப்பதும் என் பொறுப்பு, தண்ணீர் பிடிப்பது பிள்ளைகள். பெரியவர்கள் இருவரும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் பிள்ளைகளோடு போக, இன்னொருவர் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் கை உதவியும் கிடைக்கும், பிள்ளைகளுக்குத் துணையும் ஆகும்.

கைக்குழந்தை இருந்தால் முன்பக்கம் கட்டும் தூளியோ தாங்கியோ போதும். உண்மையில் அந்த வயதில்தான் வெளியே போவது சுலபம். பதின்ம வயதுப் பிள்ளைகள்தான் கடினம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இடம், வழி, நேரம் எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்து, தப்பான பக்கம் திரும்பினாலும் ஆபத்து இல்லாதவரை பின்னாலேயே நடங்கள். தாத்தா பாட்டி வந்தால் நிழலில் பாய் விரித்து ஒரு இடம் பிடித்துக் கொடுங்கள். மற்றவர்கள் அங்கிருந்து போய்ப் போய் வரலாம். கண்டுபிடித்ததை ஓடி வந்து சொல்ல பிள்ளைகளுக்கு ஓர் ஆள் வேண்டுமே.

படி 7: கிளம்பும் அந்தக் கால் மணி நேரம்

பசியோடு கிளம்பாதீர்கள். ஏதாவது வயிற்றுக்குப் போட்டுவிட்டே செருப்பைத் தொடுங்கள். "போகலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று வரும். "மழைக்கோட்டா, தொப்பியா?" என்று கேளுங்கள், ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுக் கூட வருவார்கள். முதல் பத்து நிமிட முணுமுணுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு கண்ணுக்கு மறைந்ததும் அநேகமாக நின்றுவிடும்.

படி 8: பாதுகாப்பு

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலோ பக்கத்திலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி தரவிறக்கி வையுங்கள்.

இடி மின்னலில் தயங்கவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். எண்ண முடியவில்லையா, இடிச்சத்தம் கேட்டாலே போதும், கிளம்புங்கள். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

தண்ணீருக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பெரியவரின் வேலை அது மட்டும்தான். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்றால் இருவருமே பார்க்காத ஒரு நிமிடம் வந்துவிடும், அதனால் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்: நட, ஓடு, தேடு எதுவும் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மரத்தோடு நின்றுகொள், மூன்று முறை விசில் ஊது, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. ஒரே இடத்தில் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது நடந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதைவிட மிகச் சுலபம்.

கொண்டுபோன குப்பை எல்லாம் திரும்பி வர வேண்டும், பழத்தோல் உட்பட. கூடு, முட்டை, பூ எதையும் தொட வேண்டாம்.

படி 9: சொதப்பும் நாட்களுக்கும் இடம் விடுங்கள்

ஒரு சனிக்கிழமை அரை நாள் ஒதுக்கி ஏரிக்கரைக்குப் போனோம். வண்டியை விட்டு இறங்கியதுமே மகளுக்கு வயிற்று வலி. மகன் சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்தான். கணவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அடுத்த தேதியை உடனே குறித்தோம், இந்த முறை நடந்து போகும் தூரத்தில். தொலைதூரத் திட்டம் உடைந்தால் அடுத்து ஒரு சுலபமான இடம் என்பதை அன்றிலிருந்து பழக்கமாக வைத்திருக்கிறோம். உடம்பு சரியில்லாத பிள்ளையை "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று இழுத்துக்கொண்டு நடந்தால், அடுத்த பத்து அழைப்புக்கும் அந்தப் பிள்ளை வராது.

படி 10: திரும்பி வந்த பிறகு

அசதியாகத்தான் இருக்கும், ஆனாலும் பையை அன்றே காலி செய்யுங்கள். ஈரத்துணி வெளியே, டார்ச் எரிகிறதா என்று ஒரு முறை பார்த்தல், தீர்ந்த பண்டத்துக்குப் பதில் புதியது, பை மீண்டும் ஆணிக்கு. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் அடுத்த முறை கிளம்பும்போது அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம் ஒரு நோட்டு. எங்கள் நோட்டில் ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம்: தேதி, இடம், யார் யார் போனோம், பார்த்ததில் ஒன்று. எழுதத் தெரியாத காலத்தில் மகன் படம் வரைந்தான். சிறகை இழுக்கும் எறும்புகள் இரண்டு பக்கத்துக்குப் போகின்றன. பக்கத்தின் கீழே அடுத்த தேதியும், இடத்தைத் தேர்வு செய்வது யார் முறை என்பதும் இருக்கும். இந்த மாதம் மகள் முறை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஓடைப்பக்கம் என்று எழுதி, மழை பெய்தாலும் போகலாமா என்று கீழே கேட்டிருக்கிறாள். இடி இல்லாவிட்டால் போகலாம் என்று பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.